நான் எடுப்பித்த புத்தகம்

மகள் ஆறாம் வகுப்பில் படித்தபோது பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். ஏதோ ஒரு நாட்டுப் போரில் ஒரு அக்காவும் தம்பியும் பதுங்குகுழிக்குள் ஒளிந்திருக்கும் கதை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அபார்ட்மென்டில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, நீங்களும் பங்கருக்குள்ள இருந்தனீங்களோ?”

“சாப்பிடு.”

“இவளுக்கு ஒரு லிட்டில் பிரதர். உங்களுக்கு?”

“இல்லை” என்றேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஏழு வயது. ஷெல்லடி ஓய்ந்துவிட்டது என்று நினைத்து, செருப்பை எடுக்கப் பங்கரை விட்டு ஓடியவன் திரும்பி வரவில்லை. என் கணவரைத் தவிர இந்த நாட்டில் எவருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் அவள் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தேன். முப்பது பக்கத்துக்கு மேல் முடியவில்லை. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே பள்ளிக்குப் போனேன். நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான்.

“உங்கட பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் எண்டாக் காணும் அக்கா, நான் குறிச்சு வைப்பன்” என்றார். “முறைப்பாட்டு ஃபோர்ம் நிரப்பினா விசயம் கமிட்டிக்குப் போயிடும். பிறகு ஒரு பிள்ளைக்கும் கிடைக்காமப் போகலாம்.”

“ஒரு பிள்ளையும் வாசிக்க வேண்டாம்” என்றேன்.

புத்தகம் முழுவதையும் வாசித்தீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஆம் என்று குறித்தேன். காரணம் கேட்ட இடத்தில் தம்பியைப் பற்றி எழுதினேன். என் மகளுக்குச் சொல்லாததை, முகம் தெரியாதவர்களுக்கு ஒரு பக்கம் நிறைய எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பள்ளி அதிபர், இரண்டு ஆசிரியர்கள், பெற்றோரில் ஒருவர், இந்த நூலகப் பெண் ஆகியோர் கூடி முடிவெடுத்தார்கள். சில வாரங்களில் கடிதம் வந்தது. புத்தகம் நீக்கப்படுகிறது, மூன்று வருடங்களுக்கு அந்த முடிவை மறுபடி ஆராய்வதில்லை, முறையிட்டவரின் பெயர் வெளியிடப்படாது.

மகள் அழுதுகொண்டு வந்தாள். “யாரோ ஒராளின்ர அம்மா கம்ப்ளெயின் பண்ணிட்டாவாம். நான் பாதிதானே வாசிச்சனான். யாரம்மா அப்பிடிச் செய்வினம்?”

நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

அதன்பிறகு அவள் ஊரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது தகப்பன் பக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் கோடையில் நகர நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் வாசித்தேன். கதையில் அந்தத் தம்பி சாகவில்லை.

பள்ளி திறந்ததும் மறுபடி போனேன். “என்ர முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கலாமோ?”

“ஏலாது அக்கா. முடிவெடுத்தாச்சு. மூண்டு வருசம் பொறுக்கவேணும்.” பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் அந்தப் புத்தகத்துக்காகக் கதைக்கத்தான் போனனான். நீங்கள் எழுதினதை வாசிச்சாப் பிறகு ஒருத்தருக்கும் வாய் வரேல்லை.”

மூன்று வருடம் ஆனபோது மகள் ஹைஸ்கூலில் இருந்தாள். நாங்களும் பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போய்விட்டோம். புத்தகம் திரும்பி வந்ததோ என்று விசாரிக்கவே இல்லை.

போன வருடம், அவளைப் பகுதிநேர வேலைக்குக் கொண்டுபோய் விடும் வழியில், காருக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியை, செருப்பை, படிவத்தை. அவள் காதில் இருந்த இயர்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

“ஐ ஆம் ஸோ ஸொறி, அம்மா” என்றாள். வேலையிடத்தில் எவர் வீட்டிலாவது சாவு என்றால் சொல்வதைப் போல, மரியாதையாக.

கடை வாசலில் இறங்கும்போது, “வேலை முடிய மெசேஜ் பண்ணுறன்” என்றாள். தம்பியின் பெயரை அவள் கேட்கவில்லை.