தகட்டுப் பட்டிக்கு வரி கேட்ட அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரை வயதான பின்புதான் தெரியும். 1960-களில் பம்பாய் தாராவியில் இருந்த அப்பாவைப் பற்றி மூத்த மகளாகிய நான் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

நாங்குநேரிப் பக்கம் பிறந்த அப்பா, சிறு வயதில் தந்தையை இழந்து பம்பாய்க்கு ரயிலேறியவர். இரும்புக் கடைகளில் சுமை தூக்கி, பிறகு தாராவியில் ஒரு தகரக் கொட்டகையில் சொந்தமாக வெட்டு மெஷின் போட்டார். அகலமான தகட்டை ஒல்லிப் பட்டிகளாக வெட்டித் தருவார். டிரங்குப் பெட்டிகளுக்கு ஓரம் அடிக்க அந்தப் பட்டிதான் வேண்டும். அந்த மெஷின் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பம்பாயிலேயே சுனாபட்டி என்ற பகுதியில் கடை வைத்திருந்தார். ஜப்பானிலேயே வெட்டப்பட்டு வரும் பட்டிச் சுருள்களைத் தருவித்து விற்பவர். ஞாயிறு வந்தால் மாட்டுங்கா கடைத்தெருவில் மல்லிகைப்பூவும் சூடான போண்டாவும் வாங்கிக்கொண்டு வருவார். அப்பாவும் அவரும் சீட்டாடிச் சிரிக்கும் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். எவ்வளவு நல்ல ஞாயிறுகள் அவை!

பிறகு வெளிநாட்டுப் பட்டி மலிவாக வந்து குவிந்தது. அப்பாவின் மெஷின் பல நாள் ஓடவில்லை. தாராவியில் தகடு வெட்டிய எல்லோருக்கும் அதே நிலைமை. அந்தப் பட்டிக்கு இறக்குமதி வரியைக் கூட்ட வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரிகள் இரு தரப்பையும் விசாரிக்க அழைத்தபோது, தகடு வெட்டுபவர்கள் இந்தி சரளமாக வரும் அப்பாவையே தங்கள் சார்பில் பேசச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு மாமா வெறுங்கையோடு வந்தார்.

“அத்தான், நீங்க பேசுனா ஏங் கட போயிரும். வேற யாரையாவது பேசச் சொல்லுங்க.”

“நான் பேசாட்டா எங்கிட்ட வேல செய்யுதவங்க எங்க போவாங்க மாப்ள? ஒனக்குத் தெரியாமப் பேசக் கூடாதுன்னுதான் மொதல்ல ஒங்கிட்ட சொல்லுதேன்.”

“நான் யாரு பக்கம் நிக்க?” என்று அம்மா அழுதார்.

விசாரணையில் அப்பா வரியைக் கூட்டச் சொன்னார். கூடவே, ஏற்கெனவே கப்பலேறிவிட்ட சரக்குக்குப் பழைய வரியே போதும் என்றும் கேட்டார். முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. புது வரி கட்டி இறக்கியதால் விலை ஏறிப்போன மாமாவின் சரக்கை வாங்க ஆளில்லை. மாமாவின் வருகை நின்றது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை.

சில வாரம் கழித்து அப்பா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு சுனாபட்டிக்குப் போனார்.

“பாவம் பாக்க வந்தியளோ?” என்றார் மாமா.

“இல்ல மாப்ள. நான் கேட்டது நியாயந்தான், இப்பவும் கேப்பேன். அதுக்காக ஒன் தலையில மட்டும் இடி விழுந்துரக் கூடாது. சரக்க எங்கிட்ட அனுப்பு.”

அந்தப் பட்டியை அப்பா தம் வாடிக்கைக்காரர்களுக்கு வழக்கமான விலைக்கே கொடுத்து, வந்த பணத்தை மாமாவிடமே சேர்த்தார். தீரும் வரை சொந்த மெஷின் சும்மா கிடந்தது. ஆட்களின் கூலியை மட்டும் நிறுத்தவில்லை. செம்பூரில் வாங்கப் பார்த்து வைத்திருந்த வீடு கைநழுவியது.

ஒருநாள் காலையில் மாமா கொட்டகைக்கு வந்து நின்றார். “அத்தான், இனிமே ஒங்க பட்டிய நான் விக்கட்டுமா?” அப்பா பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதன் பிறகு கடைசி வரை இருவருக்கும் ஒரே தொழில்தான்.

படுக்கையில் விழுந்த மாதங்களில், அப்பா தம் முகத்தைச் சவரம் செய்ய மாமாவைத் தவிர வேறு யாரையும் விடவில்லை. கை நடுங்கும் வயதில் மாமா ரயிலேறி வருவார்.

அப்பாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாள்களில் சமைத்து அனுப்பிய மராத்திக்கார அண்டை வீட்டாருக்கும், கொட்டகையில் உடன் உழைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் எழுதலாமா என்று கேட்டேன். “எங்க அத்தானுக்கு நான் செஞ்சதுக்கு நீ யாருளா நன்றி சொல்ல?” என்று கோபித்துக்கொண்டார். அதனால் எழுதவில்லை.