ஒரு கைப்பிடி மூக்கிரட்டை

சட்டையை மேசைமேல் விரித்ததும் முதலில் காலரை முகர்ந்து பார்ப்பார். பிறகு அக்குள். அதற்கப்புறம்தான் தண்ணீர் தெளிப்பது, இஸ்திரிப் பெட்டியை எடுப்பது எல்லாம். "என்ன சார், வேர்வை புளிச்சு நாறுது, வயித்துல கோளாறா?" என்று, துணிக்காக நாலு பேர் காத்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் கேட்பார்.

எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் துணி தேய்க்கும் இவருக்கு இஸ்திரியம்மா என்பதைத் தவிர வேறு பெயர் இருப்பதாக இங்கே யாருக்கும் தெரியாது. துணியை வைத்தே ஆளின் உடம்பைச் சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. மூன்றாவது மாடி வங்கிக்காரரிடம், "பேன்ட்டு இடுப்புல தையல் விட்டுப்போச்சு. சதையா, வீக்கமா?" என்று கேட்டார். வங்கிக்காரர் இப்போது அடுத்த தெருவில் துணி போடுகிறார்.

நோய் எதுவானாலும் இஸ்திரியம்மாவிடம் மருந்து ஒன்றுதான். மூக்கிரட்டை. சுற்றுச்சுவர் வெடிப்பிலும் குழாயடி ஈரத்திலும் தானாகவே படர்ந்து கிடக்கும் பூண்டு. ஜோடி இலைகளில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது, அடிப்பக்கம் வெளுத்திருக்கும், பூ கடுகைவிடச் சற்றே பெரிதாக, ரோஜா நிறத்தில். வெயிலில் மேலே கருகிப்போனாலும் விரல் தடிமனில் வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், மழை பெய்ததும் துளிர்க்கும்.

"சாவாத பூண்டு சார் இது. இலை மலச்சிக்கலுக்கு, வேரை மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சினா வீக்கத்துக்கு. மஞ்சக்காமாலைக்கும் இதுதான், மூட்டு வலிக்கும் இதுதான்."

"அப்படியானால் ஆஸ்பத்திரி எதற்கம்மா?"

"கை காலு முறிஞ்சா மாவுக்கட்டு போடணுமில்ல!"

இந்தப் பூண்டின் விதை பிசின் மாதிரி ஒட்டும். பறிக்கும்போது அவர் முந்தானையில் ஒட்டி, அங்கிருந்து என் வெள்ளைக் காற்சட்டைக்கு வந்துவிடும். போதாததற்கு, இஸ்திரிப் பெட்டியை நிறுத்தும் தகரத்தின் ஓரத்தில் வேரைக் காயப்போடுவார். என் சட்டைகள் எல்லாம் தோண்டி எடுத்தவை போல மணக்கின்றன. முறையிட்டேன். "மண்வாசனை சார். காசு குடுத்தாலும் கிடைக்காது, உங்களுக்குச் சும்மா வருது" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எடைமேடையில் லாரிகளை எடைபோட்டே காலம் தள்ளியவன் நான். அளவில்லாத பேச்சை மட்டும் பொறுக்க முடியாது.

"எவ்வளவு வேர் போட வேண்டும்?"

"ஒரு கைப்பிடி."

"யாருடைய கைப்பிடி?"

"கைப்பிடின்னா கைப்பிடிதான். உங்க கையில எடுத்தா அது சிட்டிகை சார்."

"எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?"

"வாசம் மாறுற வரைக்கும்."

"எந்த வாசத்திலிருந்து எந்த வாசத்துக்கு?"

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். "இந்த மனுஷனோட எப்படிக்கா காலத்தை ஓட்டுனீங்க?" என் மனைவி சிரித்தாள். அவ்வளவு நேரம் சிரித்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கைப்பிடியை நான் துருவிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் மனைவிக்குக் கால் வீங்கியிருந்தது. டாக்டர் சிறுநீரகத்தில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, இரத்தம் சோதிக்கச் சீட்டு எழுதிக்கொடுத்திருந்தார். சீட்டு ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. இவள் மூக்கிரட்டைக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். முதலில் வீக்கம் கொஞ்சம் வற்றவும் செய்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. மறுபடி ஏறியபோது யார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. யார் சொல்லியும் என்றால், நான் சொல்லி.

"முகம் ஊதியிருக்கிறது, கண்ணாடியில் பார்" என்பேன்.

"தூங்கி எழுந்தா எல்லாருக்கும் அப்படித்தான். நொய் நொய்னு அரிக்காதீங்க."

கீழே போய் இஸ்திரியம்மாவிடம் சண்டை போட்டேன். "நான் குடுத்தது மருந்து சார், கதவுக்குப் பூட்டுப் போடல. டாக்டர்கிட்ட போகாதீங்கன்னு நான் சொன்னேனா?" என்றார். சொல்லவில்லைதான். போங்கள் என்றும் சொல்லவில்லையே! அதைக் கேட்டதற்கு, என் சட்டையின் இரண்டாவது பொத்தான் ஆடுகிறது என்று பேச்சை மாற்றினார்.

போன வாரம் ஒருநாள் காலையில் என் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். இஸ்திரியம்மா அப்போதுதான் வேரோடு பறித்து வந்திருந்த கொடிகளை அள்ளி நீட்டினார். இவள் வாங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. கொடி அத்தனையும் நழுவித் தரையில் விழுந்தது.

இஸ்திரியம்மா அதைக் குனிந்து எடுக்கவில்லை. என் மனைவியின் புறங்கையைப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி மேலெழும்பவில்லை. அவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூச்சு வாங்குதாக்கா?"

"படி ஏறினா கொஞ்சம்."

"இது என் பூண்டுக்குக் கேக்குற வீக்கம் இல்லக்கா. கிளம்புங்க."

"எங்க?"

"சார் சொல்ற இடத்துக்குத்தான். இன்னும் என்ன கேள்வி?"

"சரி, துணி மாத்திட்டு வந்துடறேன்" என்றாள் என் மனைவி.

நான் காலையும் மாலையுமாகத் தொண்டை வறளக் கத்தியதற்கு அசையாதவள், இந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னதும் துணி மாற்றக் கிளம்புகிறாள்!

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம், இருக்கற துணியோட வாங்க. ஏன் சார் என் மூஞ்சிய பாத்துட்டு நிக்கிறீங்க? போய் வண்டியப் பிடிங்க!"

வீதிக்கு ஓடி ஒரு வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கை மட்டும் தேய்த்திருந்த யாருடைய சட்டையோ மேசையில் அப்படியே கிடந்தது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது. இஸ்திரியம்மா என் மனைவியை முழங்கையில் தாங்கிப் பிடித்தபடி, வழியில் கிடந்த மூக்கிரட்டையைக் காலால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.