ஆட்டுக்கும் அப்பாவுக்கும் பத்தியம்

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு ஆடு வந்து சேர்ந்ததற்குக் காரணம் நாங்கள் சைவம் என்பதுதான். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஒரு பெட்டைக் குட்டியைக் கொல்லைக் குழாயடியில் கட்டிவிட்டு, "எங்காண்ட இருந்துச்சின்னா தீபாவளி தாண்டாதும்மா. உங்கூட்லதான் யாரும் துன்ன மாட்டீங்க" என்றார். சரிதான். எங்கள் தெருவில் ஆட்டை யாரும் தின்ன மாட்டார்கள். ஊட்டியே கொன்றுவிடுவார்கள்.

வந்த வாரமே எதிர்வீட்டு மாமி வடை கொடுத்தார். மாடி வீட்டு மாமா தயிர்சாதம் பிசைந்து எடுத்து வந்தார். அடையாற்றிலிருந்து ஸ்கூட்டரில் வந்த கால்நடை டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு பட்டியல் எழுதினார். அகத்தி, பலா இலை, காரட், கொஞ்சம் வாழைப்பழத் தோல் கொடுக்கலாம். சாதம், பலகாரம், இனிப்பு கூடவே கூடாது.

அப்பா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பக்கத்திலேயே அவருடைய சர்க்கரை நோய்க்கு டாக்டர் கொடுத்த பட்டியலும் இருந்தது. பலா இலையை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதிகாரம் செய்ய ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர் அப்பா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் கையைச் சோதித்து உள்ளே விட்டார். சுண்டலோடு வந்த என் சிநேகிதன் கேட்டைத் தாண்டவில்லை.

"வாயில்லா ஜீவன்டா. எது ஆகும், எது ஆகாதுன்னு நாமதான் பாத்துக்கணும்" என்றார். தன் பட்டியலை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்ததும் அப்பாவுக்கு பக்தி முற்றியது. விடிகாலையில் குளித்து பஜனைக்குக் கிளம்பினார். அம்மாவுக்கு ஒரே பெருமை.

ஒருநாள் காலை ஆடு எழுந்திருக்கவில்லை. இடது பக்கம் வயிறு மிருதங்கம் மாதிரி உப்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. கல்லூரியில் படிக்கிற தடியன் நான், வெட்கமில்லாமல் அழுதேன். தெருமுனை பூத்துக்கு ஓடி டாக்டருக்கு போன் செய்தேன்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "என்ன தின்னுது?"

"கீரை மட்டும்தான் சார்."

"யாரோ எதையோ போட்டிருக்கா" என்று அம்மா எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"யாருங்கிறது எனக்கு வேண்டாம். என்ன, எவ்வளவுன்னு தெரியணும். தெரியாம மருந்து கொடுத்தா பொழைக்கிறது கஷ்டம்."

ஆடு அப்பாவைப் பார்த்து ஒருதரம் ஈனமாகக் கத்தியது. அவர் கண் கலங்கிவிட்டது.

"சக்கரைப் பொங்கல்" என்றார். "கோவில்ல குடுத்தது. தினமும் கொல்லைப்பக்கம் நின்னுண்டு சாப்பிட்டுட்டு, வெறும் தொன்னையைத்தான் இதுக்குப் போடுவேன். நேத்திக்கு இவ வர்ற சத்தம் கேட்டது. அப்படியே இது முன்னால வெச்சுட்டேன்."

எங்கள் குப்பைக் கூடையில் ஒருநாள்கூட இலைத்தொன்னை கிடக்காத காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எவ்வளவு?"

"மூணு தொன்னை. நெய் கொஞ்சம் ஜாஸ்தி."

"மூணா!" என்றாள் அம்மா.

டாக்டர் சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டினார். ஆட்டை நிற்க வைத்து அப்பா வயிற்றை நீவிக்கொண்டே இருந்தார். காபிகூடக் குடிக்கவில்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம், முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மத்தியானம் ஆடு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. பிறகு மெல்ல அசைபோட ஆரம்பித்தது. அப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினார். என் ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.



மறுநாள் விடிகாலை அப்பா விபூதி இட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மா ஆட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"இதையும் அழைச்சிண்டு போங்கோ. பொங்கலை நீட்டினா, ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு சொல்லிடுங்கோ."

பஜனை முடிந்து இருவரும் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு திரும்பினார்கள். பாதியை ஆடு தின்றது. மீதியை அம்மா அப்பாவுக்குப் பொரியல் செய்தாள்.