நிஸ் சொன்ன முதல் "வேணாம்"

எங்க தீவுல நிஸ் அஸ்முசன்னு ஒருத்தன் இருக்கான். சர்ச்சு கோபுரத்துல பாதி ஒசரம். கை ரெண்டும் மம்பட்டி. பேச்சு மட்டும் கோழிக்குஞ்சு அளவு. வருசம் பூரா அவன் பேசுனத சேத்து வச்சா ஒரு தபால்தலைக்குப் பின்னாடி எழுதிப்புடலாம். அப்பயும் பசை தடவ எடம் மிச்சம் இருக்கும்.

அவன் பொறந்த கதைய எங்கம்மா சொல்லும். கொழந்தைக்குப் பால் குடுத்தாங்களாம், மூஞ்சியத் திருப்பிக்கிட்டானாம். மறுபடி குடுத்தாங்களாம், மறுபடியும் திருப்பிக்கிட்டானாம். மூணாந்தடவ குடுத்தப்பதான், "இம்புட்டுக் கட்டாயப்படுத்துறீங்க, சரி"ங்கற மாதிரி ஒரு பார்வை பாத்துட்டுக் குடிச்சானாம். பாதிரியார் அதக் கேட்டுட்டு, "அசல் நம்ம ஊர்ப் புள்ளதான், வேற சாட்சியே வேணாம்"னாராம்.

எங்க பக்கம் அப்படித்தான். ஒருத்தர் ஒண்ணு நீட்டுனா லபக்குனு கைய நீட்டப்படாது. "அய்யோ, வேணாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னு ஒரு தடவ. "இல்ல இல்ல, இப்பத்தான் சாப்ட்டேன்"னு இன்னொரு தடவ. மூணாவது தடவ வற்புறுத்துனாதான், "சரி, உங்க மனசு நோகக்கூடாது"ன்னு எடுத்துக்கணும். விருந்துன்னா மெத்துன்னு ஏழு தினுசு கேக்கு, மொறுமொறுன்னு ஏழு தினுசு பலகாரம், மேசை கால் வளையற மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் இதே கூத்து. எங்க ஊர்ல ஒரு காபி விருந்து முடியறதுக்குள்ள கைக்கொழந்தைக்கு மீசை மொளச்சிரும்.

இதுல நிஸ் மன்னன். ஒருநாள் வெளியூர்க்காரன் ஒருத்தன், எச்சரிக்கைப் பலகையப் படிக்காம கடலுக்குள்ள கார விட்டுட்டான். எங்க கடல் ஒருமாதிரி. வத்துனா கரையிலேர்ந்து தீவு வரைக்கும் தரை தெரியும், வண்டியே போகலாம். ஏறுனா கப்பல்தான் போகணும். காருக்குள்ள புருசன் பொண்டாட்டி, ஒரு நாயி. தண்ணி கண்ணாடி வரைக்கும் வந்துருச்சு. நிஸ் டிராக்டர எடுத்துட்டுப் போயி, இழுக்கறதுக்குக் கயிறு கட்டுனான். அந்தம்மா அழுதுக்கிட்டே ஒரு சாக்லேட்டுப் பொட்டிய நீட்டுச்சு. இவன் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, "அய்யோ, வேணாம், எதுக்குங்க"ங்கறான். தண்ணி நெஞ்சுக்கு வந்தப்ப ரெண்டாவது "வேணாம்" சொன்னான். நல்லவேளை, அந்தம்மா வெவரமான ஆளு, டக்குனு மூணாவது தடவையும் நீட்டுச்சு. இல்லேன்னா நிஸ் போயிருப்பான்.

டிராக்டர்தான் அவன் பொழப்பு. டிராக்டருக்குப் பின்னாடி ஒரு நீளமான வண்டி. அதுல சுத்திப் பாக்க வர்றவங்கள ஏத்திக்கிட்டு, வத்துன கடலுக்குக் குறுக்க தீவுக்குக் கூட்டியாறது, திருப்பிக் கொண்டுபோயி விடுறது. வண்டிக்குப் படி போட்டு, கதவச் சாத்தி, கெழவிகளக் கையப் புடிச்சு ஏத்துறது என் வேலை. நிஸ்கிட்ட ஒரு மைக்கு உண்டு. கடல், பறவை, பழைய வெள்ளம், மூதாதையர் கதைன்னு வழிநெடுகச் சொல்லிக்கிட்டே வரணும்னு ஏற்பாடு. நிஸ் சொல்றது இவ்வளவுதான்: "இடது பக்கம் கடல்நாய்." கொஞ்ச நேரம் போகும். "வலது பக்கம் பறவை." தீவு வந்ததும், "இதுதான். மோசமில்ல." எங்க ஊர்ல "மோசமில்ல"ன்னா சொர்க்கம்னு அர்த்தம். சனங்களுக்கு அது புரியாது, மைக்கு ரிப்பேருன்னு எங்கிட்ட வந்து சொல்லுவாங்க.

அப்பா அம்மா போனப்புறம் நிஸ்ஸும் ஆடுங்களும்தான். ஆடுங்களும் அவனப் பாத்துப் பாத்துப் பேச்சக் கொறச்சிருச்சுங்க. வீட்டுல பாதிய வர்றவங்களுக்கு வாடகைக்கு விட்டான். அப்படி ஒரு செப்டம்பர் மாசம் வந்தவங்கதான் குன்வோர்.

குன்வோர் தலைநகரத்து ஆளு, கோபன்ஹேகன்காரங்க. நாடகக் கம்பெனியில உடுப்பு தைக்கிறவங்க. அம்பது தாண்டியிருக்கும், சிரிச்சா அக்கம்பக்கத்து ஆடெல்லாம் திரும்பிப் பாக்கும். "கருப்புச் சூரியன்" பாக்கணும்னு வந்தாங்க. சாயங்காலம் நாணல் காட்டுக்கு மேல சூறைக்குருவிங்க லட்சக்கணக்குல கூடிச் சுழலும், சூரியனே மறஞ்சிரும், அதுக்குத்தான் அந்தப் பேரு. பாத்துட்டு அந்தம்மா, "அய்யோ, அய்யோ, எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு!"ன்னு கத்துனாங்க. நாங்க ஊரோட அவங்களத்தான் வேடிக்க பாத்தோம். குருவி தெனமும் வரும், இப்படிக் கத்துற ஆளு எப்பயோதான் வருவாங்க.

அன்னைக்கே எம்பொண்டாட்டி போடில்லா காபிக்குக் கூப்ட்டா. முதல் கேக்க நீட்டுனதும் குன்வோர் "ஓ, நன்றி!"ன்னு எடுத்துக்கிட்டாங்க. மேசையே கப்சிப். ரெண்டாவது கேக்கு நீட்டுனா அதையும் "நன்றி." போடில்லா சமையக்கட்டுக்கு வந்து எங்கிட்டக் கிசுகிசுத்தா: "ஏங்க, இந்தப் பொம்பளையக் கோபன்ஹேகன்ல பட்டினி போட்டுட்டாங்க போல!" அப்புறம் நான்தான் குன்வோர்கிட்ட ஊர் வழக்கத்த எடுத்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மறு வருசத்துலேர்ந்து கேக்குக்கு மட்டும் ஒழுங்கா ரெண்டு தடவ "வேணாம்" சொல்லக் கத்துக்கிட்டாங்க.

வருசா வருசம் வந்தாங்க. நிஸ்ஸுக்கு என்னமோ ஆயிருச்சு. ஆகஸ்ட் மாசமே அவங்க அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சான். ஒரு வருசம் மேக்காலச் செவத்த இடிச்சுப் பெரிய ஜன்னல் வச்சான், படுத்துக்கிட்டே குருவி பாக்கலாம்.

"எதுக்குடா இது?"ன்னேன்.

"காத்து வரும்."

எங்க தீவுல காத்துக்கா பஞ்சம்? எங்க நாய் கொலைச்சா சத்தம் சுவீடன்ல போயித்தான் விழும். அவ்வளவு காத்து. இவன் காத்துக்கு ஜன்னல் வைக்கிறானாம்!

போன செப்டம்பர் கடைசி. குன்வோர் கெளம்பறதுக்கு முந்தின சாயங்காலம் ரெண்டு பேரும் கரையணை மேட்டுல குருவி பாத்துட்டு வந்தாங்க. மறுநாள் காலைல நான் வண்டியத் தொடைக்கப் போனா, நிஸ் சீட்டியடிச்சுக்கிட்டு டயருக்குக் காத்துப் பாக்குறான். நிஸ் சீட்டியடிச்சு நான் கேட்டதே இல்ல.

"என்னடா, ஆடு எதுவும் எட்டுக் குட்டி போட்டுச்சா?"

"குன்வோர் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"கோபன்ஹேகன் வீட்ட விட்டுட்டு இங்கயே வந்துரட்டுமான்னு. எங்கூட. வாடகைக்கு இல்லையாம்." காது நுனி வரைக்கும் செவந்து போச்சு அவனுக்கு.

நான் அவன் முதுகுல ஒரு போடு போட்டேன். "அடப்பாவி! நீ என்ன சொன்ன?"

"வேணாம்னேன்."

"என்னது?"

"வேணாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னேன்." பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். "இன்னும் ரெண்டு தடவ கேப்பாங்கல்ல."

"கேட்டாங்களா?"

"காலைல காபி குடிக்கிறப்பக் கேப்பாங்கன்னு பாத்தேன். கேக்கல. பொட்டி கட்டுறாங்க."

"நல்லாப் பேசுனாங்களா?"

"பேசவே இல்ல." அப்பத்தான் அவன் சிரிப்பு கொஞ்சம் எறங்குச்சு.

"டேய் மடையா! ஆட்டுமண்டை! அவங்க கோபன்ஹேகன்காரங்கடா! அங்க ஒரு தடவதான் கேப்பாங்க. வேணாம்னா வேணாம்னு எடுத்துக்குவாங்க. ஒரு பொம்பள வாயத் தொறந்து கேட்டு, நீ மாட்டேன்னுட்ட. ஓடு! போயிச் சொல்லு!"

ஓடல. நின்னான். பம்பு கையில அப்படியே இருந்துச்சு. "என்னன்னு சொல்றது? கேட்டவங்கதான மறுபடி கேக்கணும்?"

அதுக்குள்ள குன்வோர் பொட்டியோட வந்துட்டாங்க. முகத்துல சிரிப்பு இல்ல, கண்ணு வீங்கியிருந்துச்சு. "வரேன் லோரன்ஸ். போடில்லாகிட்டச் சொல்லிருங்க. அடுத்த வருசம் வருவனான்னு தெரியல"ன்னாங்க. நிஸ்ஸப் பாக்கவே இல்ல. வண்டியில கடைசி வரிசைல போயி உக்காந்தாங்க. ஜெர்மன் கெழடுகட்டை ஒரு கூட்டமும் ஏறுச்சு. நான் கதவச் சாத்திட்டுக் கடைசியில தொத்திக்கிட்டேன்.

வண்டி கடலுக்குள்ள எறங்குச்சு. வழி தெரிய நட்டு வச்சிருக்கற குச்சிங்க ஒவ்வொண்ணாப் பின்னால போகுது. மைக்கு கரகரன்னுச்சு. "இடது பக்கம்..."னான். அவ்வளவுதான். இடது பக்கம் என்னன்னு சொல்லவே இல்ல. ஜெர்மன்காரங்க எல்லாரும் இடது பக்கம் கழுத்த நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் கழுத்து இன்னும் நேராகலைன்னு கேள்வி.

பாதி வழியில வண்டி நின்னுருச்சு.

நிஸ் எறங்குனான். சேத்துல சளக் சளக்குனு நடந்து பின்பக்கம் வந்து, குன்வோர் உக்காந்திருந்த ஜன்னலுக்குக் கீழ நின்னான். தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டான். நான் மேக்க பாத்தேன். தூரத்துல வெள்ளக்கோடு மாதிரி தண்ணி திரும்பி வருது.

"டேய், தண்ணி ஏறுதுடா, சொல்லித் தொலைடா!"ன்னு கத்துனேன்.

"நேத்து நான் வேணாம்னேன்ல," நிஸ் ஆரம்பிச்சான். "அது முதல் வேணாம்."

குன்வோர் கண்ணாடிய எறக்குனாங்க. "எத்தன வேணாம் இருக்கு உங்ககிட்ட?"

"ரெண்டு. மூணாவது தடவ சரின்னுருவோம்."

"அது கேக்குக்குத்தானே?"

"எங்களுக்கு எல்லாத்துக்கும் அதான்."

குன்வோர் அவனப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. "லோரன்ஸ், நெசமாவா?"

"நெசந்தாங்க! இவனக் கடல்லேர்ந்து தூக்க வந்தாலும் ரெண்டு தடவ மாட்டேன்னுட்டுத்தான் கையக் குடுப்பான்!"

"ராத்திரி பூரா அழுதேன் நான்," குன்வோர் சொன்னாங்க. "இந்த வயசுல வெக்கத்த விட்டுக் கேட்டேன். வேணாம்னுட்டீங்க. நீங்க குறட்ட விட்டது என் அறை வரைக்கும் கேட்டுச்சு!"

"சந்தோசத்துல நல்லாத் தூக்கம் வந்துருச்சு," நிஸ் தலையக் குனிஞ்சுக்கிட்டான். அப்புறம் நம்பிக்கையா நிமுந்தான். "இப்பக் கேளுங்க. இன்னும் ரெண்டு தடவ."

"மாட்டேன்."

"ஒரு தடவ?"

"அரைத் தடவ கூட மாட்டேன். நான் கேட்டாச்சு. வேணும்னா நீங்க கேளுங்க."

அய்யோ, நிஸ் முகத்தப் பாக்கணுமே! அவங்க வம்சத்துல வைக்கிங் காலத்துலேர்ந்து யாரும் தனக்கு ஒண்ணு வேணும்னு வாயத் தொறந்து கேட்டதில்ல. ரொட்டிக்கு வெண்ணெய் வேணும்னாக்கூட வெண்ணெயையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, யாராச்சும் நகத்தி வைக்கிற வரைக்கும். தொப்பிய இந்தப் பக்கம் திருப்புனான், அந்தப் பக்கம் திருப்புனான். தண்ணி டயரத் தொட்டுருச்சு. ஒரு ஜெர்மன் கெழவி ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருச்சு.

"ஆட்டுக்கு..."ன்னான்.

"ஆட்டுக்கு என்ன?"

"ஆட்டுக்கும் உங்களப் புடிக்கும்."

"ஆட்ட விடுங்க நிஸ்."

தண்ணி அவன் பூட்ஸுக்குள்ள போயிருச்சு. அவன் கண்ண மூடிக்கிட்டான், பல்லு புடுங்கறப்ப மூடுவோமே, அப்படி. "நீங்க போனதும் அந்த ஜன்னலப் பாக்கவே முடியல. பலகைய வச்சு அடைச்சிருவேன். வருசா வருசம் அடைக்கிறேன், ஆகஸ்ட்ல எடுக்கறேன். இனிமே அடைக்க வேணாம். எனக்கு... நீங்க வேணும். இருங்க."

அவன் அவ்வளவு பேசி எனக்குப் பழக்கமே இல்ல. எனக்கே மூச்சு முட்டிருச்சு.

"சரி"ன்னாங்க குன்வோர்.

நிஸ் கண்ணத் தொறந்தான். "உடனேயா?"

"உடனே."

"இல்ல, யோசிச்சுக்கூட... குளிரு காலத்துல காத்து ரொம்ப..."

"யோவ்!" நான் நின்ன எடத்துலயே எகிறிக் குதிச்சேன். "அவங்க சரின்னுட்டாங்க, நீ வேணாங்கறியா? வண்டிய எடுடா, இல்லேன்னா கலியாணம் கடல்நாய்ங்க முன்னாடிதான் நடக்கும்!"

ஓடுனான் பாருங்க. அந்த டிராக்டர் அன்னைக்குப் போன வேகத்துல பின்சக்கரம் முன்சக்கரத்த முந்தப் பாத்துச்சு. தண்ணி ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி விரிஞ்சுது. மைக்கு திறந்தே கெடந்துச்சு போல, கரை வரைக்கும் அவன் என்னமோ முனகிக்கிட்டே வந்தான். பாட்டா, பிரார்த்தனையான்னு வெளங்கல.

கரை ஏறி வண்டி நின்னுச்சு. படியப் போட்டேன். கழுத்து வலிக்காரர் எறங்கறப்ப எங்கிட்ட, "இது ஒவ்வொரு தடவையும் உண்டா, இல்ல இன்னைக்கு மட்டுமா?"ன்னு கேட்டாரு. அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சாம், மச்சினனையும் அனுப்பி வைக்கிறேன்னாரு.

எல்லாரும் எறங்கிட்டாங்க. குன்வோர் எறங்கல. பொட்டிய மடியில வச்சுக்கிட்டுக் கடைசி வரிசைல அப்படியே உக்காந்திருக்காங்க.

நிஸ் வந்து எட்டிப் பாத்தான். "எறங்கலையா?"

"எதுக்கு? வண்டி தீவுக்குத்தானே திரும்பும்?"

"கடல் ஏறிருச்சுங்க. வத்தணும்னா சாயங்காலம் ஆயிரும்."

"ஆகட்டுமே."

நிஸ் என்னப் பாத்தான். நான் ஆகாயத்தப் பாத்தேன். அவன் பூட்ஸக் கழட்டித் தண்ணியக் கவுத்துட்டு, ஈரச் சாக்ஸோட வண்டிக்குள்ள ஏறி, அவங்க பக்கத்துல உக்காந்தான். நான் சத்தம் வராம படிய எடுத்து உள்ள வச்சுட்டு, கதவச் சாத்திட்டு, கரையோரக் கடையில ஒரு சாசேஜு சாப்பிடப் போயிட்டேன்.