அண்ணன் பெயருக்கு வந்த நோட்டீசுகள்

நகராட்சி அலுவலகத்தில் என் மேசை வாசலுக்கு நேரே இருந்தது. வருகிற தபாலைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்புவது என் வேலை. பதில் தயாரானால் அதை உறையில் போட்டு வெளியே அனுப்புவதும் நான்தான். பொது, வருவாய், பொறியியல், நகரமைப்பு, சுகாதாரம் என்று ஐந்து பிரிவுகள். ஐந்துக்கும் மேலே ஒரு மேலாளர், அவருக்கும் மேலே ஆணையர். ஒருவர் வீட்டில் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்றால் அது பொறியியல். அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் வருவாய். சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார் என்றால் நகரமைப்பு. வாசலில் நாய் செத்துக் கிடந்தால் சுகாதாரம். அதே வீட்டில் மனிதர் செத்தாலும் சுகாதாரம்தான். குப்பை வண்டி, கொசு மருந்து, தெருநாய், பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு எல்லாம் ஒரே அறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ரொம்ப வருடங்களுக்கு அந்த அறைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் தினமும் டவுனுக்குப் போய் வருவேன். நான் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வருடம் முன்னால்தான் என் அண்ணன் போனான். காலையில் இரண்டு பேரோடு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனான். திரும்பி வரும்போது அலை படகைப் புரட்டிவிட்டது. அந்த இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். தெற்கே காட்டுப்பள்ளி துறைமுகம் வரைக்கும், வடக்கே ஆந்திரா பக்கம் வரைக்கும் தேடினோம். உடல் கிடைக்கவில்லை. அண்ணனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அண்ணி, தங்கை நான், மூன்று பேர்தான் மிச்சம்.

உடல் கிடைக்காத ஆளை எங்கள் ஊரில் செத்தவர் என்று சொல்ல மாட்டார்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏரியில் வலை போடும் இடங்களை ஊருக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார் வலை போடலாம் என்றால் அது அவருடைய பாடு. கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தண்ணீரில் காணாமல் போனவர் பெயரையும் விடாமல் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் நைனா, "கீறான்", அதாவது இருக்கிறான், என்பார். சொல்லிவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே போவார். யாரும் சிரிக்க மாட்டார்கள், யாரும் அழவும் மாட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது. அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அந்த ஒரு சொல்தான்.

அண்ணன் போன மூன்றாம் வருடம் ஏரிக்கரைக் குப்பங்களை நகராட்சியோடு சேர்த்தார்கள். வார்டு பிரித்து வரைபடம் போட்டார்கள். அதில் வீடுகளுக்கெல்லாம் நிறம் அடித்து, ஏரியை மட்டும் வெறும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் எந்த வார்டு என்று நான் கேட்டேன். பொறியியல் பிரிவில் இருந்த உதவியாளர், "அங்க யாரும்மா வரி கட்டப் போறாங்க, விடு" என்றார். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது. என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கச் சொன்னார்கள். அந்த மணலில் அலைய யாருக்கும் மனசில்லை. என் ஊரை என் தலையிலேயே கட்டினார்கள். மூன்று நாள் சுற்றி எல்லா வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன். அண்ணி இறால் தரம் பிரிக்கப் போயிருந்தாள். நைனா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டேன். குடும்பத் தலைவர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினேன், வீடு அவன் பெயரில்தான் இருந்தது. அடுத்த கட்டத்தில் உயிருடன் உள்ளாரா என்று இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. உள்ளார் என்று எழுதினேன். தகவல் தந்தவர் என்ற இடத்தில் குடும்பத்தார் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் குப்பத்தில் பிறந்தவர்கள் மட்டும் நம்புவார்கள்.

அந்தப் படிவத்தைப் பொதுப்பிரிவில் கொடுத்தேன். அவர்கள் அதை ஐந்து பிரதி எடுத்துப் பிரிவுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ஆக, ஐந்து அறையிலும் என் அண்ணன் குடியேறிவிட்டான். முதலில் பொறியியலிலிருந்து குழாய் இணைப்பு சம்பந்தமாக அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்புறம் சுகாதாரத்திலிருந்து, கழிப்பறை கட்டியாயிற்றா என்று கேட்டு ஒன்று. வார்டு கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பொதுப்பிரிவிலிருந்து ஒன்று. எல்லாமே என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். திரு என்று போட்டு அவன் பெயரை எழுதி, எங்கள் கதவு எண்ணை எழுதி, நானே உறையை ஒட்டுவேன். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனால் அண்ணி அதை என்னிடம் நீட்டுவாள்.

"உங்க அண்ணனுக்கு லெட்டர் வந்துகீது" என்பாள்.

அவள் குரலில் ஒன்றும் இருக்காது. நான் வாங்கி அலமாரியில் வைப்பேன். எனக்கு உள்ளுக்குள் பயமாகவும் இருக்கும், சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருக்கும். யாரோ அவனைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஒரு தடவை நகரமைப்புப் பிரிவிலிருந்து நோட்டீஸ் போனது. வீட்டின் பின்பக்கம் எழுப்பிய சுவரைப் பற்றி விளக்கம் சொல்ல, புதன்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வர வேண்டும் என்று அண்ணனுக்குக் கட்டளை. சுவரைக் கட்டியது நைனா. அந்தப் புதன்கிழமை காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். ஒவ்வொரு ஆளாகப் படியேறி வருவார்கள், முகம் தெரிந்ததும் எனக்கு மூச்சு இறங்கும். பதினோரு மணிக்கு அந்தப் பிரிவின் உதவியாளர் கதவருகே வந்து நின்று, அண்ணன் பெயரை ஊர்ப் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார். வரவில்லை என்று எழுதுவதற்கு முன் மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, "கீறாரு" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, என்னோடு சேர்ந்து வாசலையும் பார்த்தார்கள்.

"எங்கம்மா இருக்காரு?" என்று உதவியாளர் கேட்டார்.

உடம்பு சரியில்லை, வேறு தேதி கொடுங்கள் என்று சொன்னேன். அவர் தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் நைனாவை அழைத்துப் போய் அந்தச் சுவர் விஷயத்தை முடித்தேன். அடுத்த மழைக்காலத்தில் நைனாவும் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டிலேயே இறந்ததால் சுகாதாரப் பிரிவில் ஒரே நாளில் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அண்ணியும் மட்டும். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையவில்லையே என்று பெரிதாக வருத்தமும் இல்லை, அண்ணி இருந்தாள்.

அண்ணன் போய் ஏழு வருடம் முடிந்த சமயம். ஒரு நாள் காலைத் தபாலில் ஒரு உறையைப் பிரித்தேன். அண்ணியின் கையெழுத்து. ஏழு வருடமாகக் கணவரைப் பற்றித் தகவல் இல்லை, இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தாள். எதற்காக என்றும் எழுதியிருந்தாள். மறுமணம். ஆரம்பாக்கத்திலிருந்து குப்பத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டி வருபவர் ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி. அவர் அவளிடம் பேசும்போது எதிலோ தயங்கி நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன். தபாலைப் பிரிப்பது நான்தான் என்று அண்ணிக்குத் தெரியும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராமல் இப்படிச் சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனை மறந்துவிட்டாளே என்று கோபம். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் தனியாகக் கிடக்க வேண்டுமே என்ற பயம்தான் அது. மனுவில் முத்திரை குத்திச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினேன். நான் எழுதிய அந்த ஒரு வார்த்தையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

சுகாதாரம் அதை வருவாய்க்கு அனுப்பி அறிக்கை கேட்டது. வருவாய், கணக்கெடுப்புப் படிவத்தின் அசல் பொதுப்பிரிவில் இருக்கிறது என்று திருப்பியது. பொதுப்பிரிவு படிவத்தைத் தேடி எடுத்து மேலே வைத்தது. நடுவில் சுகாதார ஆய்வாளர் அண்ணியை ஒரு நாள் விசாரணைக்கு அழைத்தார். அன்றைக்கு நான் விடுப்பு போட்டுவிட்டேன். கடைசியில் பதில் தயாராகி என் மேசைக்கு வந்தது. மனுதாரரின் கணவர் கணக்கெடுப்பு நாளன்று உயிருடன் இருந்ததாக இவ்வலுவலகப் பதிவில் உள்ளது, ஆகவே ஏழு வருடத்தை அந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், இன்னும் மூன்று வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம். உறையில் அண்ணியின் பெயரை எழுதி நானே ஒட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணி அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும்போல எனக்குக் குழம்பு எடுத்து வைத்தாள். ஐஸ் வண்டிக்காரர் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அவர் வீட்டில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். கல்யாணம் ஆன மறு வாரம் ஐஸ் இறக்க வந்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு இறால் கூடையை நகர்த்தினாள். எல்லாருக்கும் விடுவதுபோலவே அவருக்கும் வழிவிட்டு நின்றாள். அவ்வளவுதான்.

அதைப் பார்த்த மறுநாளே சுகாதாரப் பிரிவுக்குப் போனேன். ஆய்வாளர் ஓய்வு பெறப்போகிற வயசுக்காரர். அந்தப் படிவத்தில் இருப்பது பொய், எழுதியது நான், யாரையும் கேட்காமல் நானாகவே எழுதினேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். பீரோவைத் திறந்து கோப்பை எடுத்து, ஒரு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

விசாரணை நாளன்று அண்ணி தன் கையால் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். கணக்கெடுக்க வந்தபோது கணவர் உயிருடன் இருப்பதாகத் தகவல் சொன்னது நான்தான், எழுதியவர் மேல் தப்பு இல்லை என்று எழுதியிருந்தாள். கீழே கையெழுத்து.

"நான் அந்தம்மாவ மூணு வாட்டி கேட்டேன்" என்றார் ஆய்வாளர். "நீங்க சொல்லலன்னா ஒரு வரி எழுதிக் குடுங்க, பதிவு தப்புன்னு அடிச்சிடறேன், சான்றிதழ் வாங்க வழி பண்றேன்னேன். அப்ப எழுதுனவங்க மேல நடவடிக்கை வருமான்னு கேட்டுச்சு. வரும்னேன். அப்படின்னா நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுச்சு."

நான் அழவில்லை, அழ எனக்கு என்ன தகுதி இருக்கிறது. ஒரு தாள் வாங்கி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதையும் நானே பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, நானே வாங்கிக்கொண்டேன். தபால் மேசையிலிருந்து என்னை ஆவண அறைக்கு மாற்றினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் காணவில்லை என்று சான்று வாங்கி, கோர்ட்டுக்கு அலைந்து உத்தரவு வாங்கி, எல்லாம் முடியப் பதினான்கு மாதம் ஆயிற்று.

சான்றிதழை வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அண்ணி பின்பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உறையை நீட்டினேன். கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அண்ணன் பெயரிலிருந்து ஆரம்பித்துக் கீழே பதிவாளர் முத்திரை வரைக்கும் நிதானமாகப் படித்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப இது இன்னாத்துக்கு?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.