முள் எண்பதில் இருந்தது

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்திலிருந்து திண்டிவனம், விழுப்புரம், கெடார் என்று ஒரே நாளில் போய்த் திரும்பினேன். மொத்தம் முந்நூற்று இருபது கிலோமீட்டர். வழியில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. அப்புறம் எதற்கு இந்தப் பதிவு என்று கேட்பீர்கள். நண்பர்களோடு வண்டி மாற்றி ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இது உங்களுக்குத்தான். இல்லாதவர்களும் படிக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

காரணம் ஒரு போன். திண்டிவனத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அந்தோணி பேசினான். "மச்சான், உன் வண்டி ரெடி. ஏழுமலைகிட்ட சொல்லிட்டேன். ஒருவாட்டி ஓட்டிப் பாக்கணும்ன்றான். மூணு பேரும் சாவி மாத்திக்கலாம், வந்துடு." என் வண்டி என்றால் அப்பாவுடைய பழைய நூறு சிசி டூ ஸ்ட்ரோக். விழுப்புரம் வீட்டில் இருபது வருடம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததை இரண்டு வருடத்துக்கு முன் அவன் கடையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். அவன் பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்துகொண்டிருந்தான். எங்களோடு படித்த ஏழுமலை அதை ஓட்டிப் பார்க்கக் கேட்கிறான் என்றதும் எனக்குப் போனை வைத்துவிடத் தோன்றியது. ஏனென்று சொல்கிறேன்.

காலை ஐந்து பத்துக்குத் தாம்பரத்தில் என் ஆபீஸ் வண்டியில் கிளம்பினேன். பெட்ரோல் ஐந்நூறு ரூபாய்க்கு. செங்கல்பட்டு தாண்டும் வரை லாரிகள், அப்புறம் ரோடு காலி. மேல்மருவத்தூரில் ஒரு டீ, பதினைந்து ரூபாய், வெறும் சுடுதண்ணீர். ஏழே காலுக்குத் திண்டிவனம். என் மீட்டர்படி தொண்ணூற்றாறு கிலோமீட்டர்.

இந்த ஊரில்தான் நாங்கள் மூவரும் பாலிடெக்னிக் படித்தோம். நான், அந்தோணி, ஏழுமலை. மூன்று பேரிடமும் வண்டி இருந்தது. ஒன்றுகூடச் சொந்தக் காசில் வாங்கியதில்லை, அப்பா, மாமா, அண்ணன் என்று யாரோ ஓட்டிக் கழித்தது. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் புதுச்சேரி ரோடு பிரிகிற இடத்து டீக்கடையில் கூடுவோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹெல்மெட். அதை ஒருவனும் தலையில் மாட்டியதில்லை, அது சாவி போடுவதற்கு. மூன்று சாவியையும் அதில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஆளுக்கொன்றாக எடுப்போம். எந்தச் சாவி வந்ததோ அந்த வண்டி கிளியனூர் டீக்கடை வரை உனக்கு. தன் சாவியே வந்தால் மறுபடி குலுக்கல். அந்தப் பதினெட்டு கிலோமீட்டருக்காக வாரம் முழுக்கக் காத்திருப்போம். இப்போது நினைத்தாலும் டூ ஸ்ட்ரோக் புகையின் வாசனை மூக்கில் வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் இருந்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதற்கு ஒரே ஒரு சட்டம். சாவி கொடுக்கும்போது வண்டிக்காரன் தன் வண்டியின் குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "மூணாவது கியர் வழுக்கும், பாத்துப் போடு" என்பான் அந்தோணி. "பின் பிரேக் கத்தும், ஆனா புடிக்காது" என்பான் ஏழுமலை. கேட்டுக்கொண்டு, தலையாட்டி, வாங்கிக்கொள்ள வேண்டும். குறை சொல்லாமல் சாவி கை மாறாது.

என் வண்டிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. எழுபத்தைந்து தாண்டினால் ஹேண்டில் ஆடும். ஹேண்டிலைத் தாங்குகிற கோன் செட் தேய்ந்து போயிருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வண்டியில் என்னுடையதுதான் வேகம். "உன் வண்டி ராக்கெட்டுடா" என்று இருவரும் சொல்வார்கள். எழுபத்தைந்துக்கு மேல் போகாத ராக்கெட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒவ்வொரு வாரமும் "ஹாரன் சத்தம் கம்மிடா" என்பேன். சட்டப்படி அதுவும் ஒரு குறைதானே. இப்படி ஒரு கள்ளத்தனம்.

கடைசி வருடம், ஒரு சனிக்கிழமை, என் சாவி ஏழுமலைக்கு விழுந்தது. ஹாரன் சத்தம் கம்மி என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான். கிளியனூருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் புளியமரத்தடியில் அவனும் வண்டியும் தனித்தனியாகக் கிடந்தார்கள். வலது முட்டி நொறுங்கியிருந்தது. போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகி, ஓட்டத் தேர்வுக்குக் காத்துக்கொண்டிருந்தவன் அவன். ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்டிப்பா உயுந்தான்?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன், "நூறுல போயிட்டாம்மா." பயத்தில் வாயில் வந்த நம்பர் அது. அந்த நூறு ஊர் முழுக்கப் போய்விட்டது.

சரி, திண்டிவனத்துக்கு வருகிறேன். அந்தோணி கடை வாசலில் என் டூ ஸ்ட்ரோக் நின்றது. டேங்கில் அதே சிவப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தோணி கடைப் பையனை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, வேலை செய்ததை ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"கோன் செட்டு புதுசு போட்டுட்டேன். பழசு பள்ளம் பள்ளமா இருந்துது. இத வச்சிக்கினு எப்டிடா ஓட்ன? எப்பலேர்ந்து இப்டி?"

"தெரியல. சும்மா கெடந்து கெடந்து ஆயிருக்கும்" என்றேன்.

கிடக்கிற வண்டிக்குக் கோன் செட் தேயாது. மெக்கானிக்கிடம் போய் இந்தப் பொய். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போனான்.

விழுப்புரம் வரை அவனுடைய புது நானூறு சிசி எனக்கு, டூ ஸ்ட்ரோக் அவனுக்கு. சாவியைக் கொடுக்கும்போது குறை சொன்னான்: "இதுல போறது தெரியாது. நூறுல போவ, அம்பதுல போற மாதிரி இருக்கும். மீட்டரப் பாத்துக்கினே ஓட்டு." நான் பதிலுக்கு, "ஹாரன் சத்தம் கம்மி" என்றேன், பழக்க தோஷம். அந்தோணி சிரிக்கவில்லை. "புது ஹாரன் போட்டிருக்கேன்" என்றான்.

எட்டு இருபதுக்குக் கிளம்பினோம். வண்டிப் பிரியர்களுக்காக ஒரு பத்தி: அடேயப்பா, என்ன வண்டி. நாலாவது கியரில் லேசாகத் திருகினால் போதும், முன்னால் போகிற பஸ் பின்னால் போய்விடுகிறது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு எதற்கு இந்தப் புத்தி என்று தெரியவில்லை. கண்ணாடியில் அந்தோணி சின்னப் புள்ளியாகிவிட்டான். கை தானாகத் திருகியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். விக்கிரவாண்டிக்கு முன்னால் மீட்டரைப் பார்த்தேன், நூற்றுப் பதினெட்டு. ஹேண்டில் கல் மாதிரி நின்றது. அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ஏழுமலை கையிலும் இதே மாதிரி ஆசைதான் இருந்திருக்கும், ஆனால் ஹேண்டில் இப்படி நிற்கவில்லை. நின்றிருந்தால் அவன் போலீஸாகி இருப்பான். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, அந்தோணி வரும் வரை காத்திருந்தேன். ஏழு நிமிடம் ஆயிற்று.

"எவ்ளோ போன?" என்றான் வந்ததும்.

"நூத்திப் பதினெட்டு."

"உண்மையச் சொல்றியே" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போனான்.

விழுப்புரம் ஒன்பதரைக்கு. திண்டிவனத்திலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி, வடை, காபி, இருவருக்கும் நூற்று அறுபது ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை. அங்கே சாவியை மாற்றிக்கொண்டோம், காணை வழியாகக் கெடார் பதினேழு கிலோமீட்டர். ரோடு நல்ல ரோடுதான், ஆனால் ஓரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டிருப்பார்கள், மெதுவாகப் போக வேண்டும். பத்தே முக்காலுக்கு ஏழுமலை வீட்டு வாசலில் நின்றோம்.

ஏழுமலை இப்போது ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை போடுகிறான். வலது கால் பாதிதான் மடங்கும், அதை முன்னால் வீசித்தான் நடப்பான். வந்து டூ ஸ்ட்ரோக்கின் டேங்கைத் தடவினான். "இன்னாடா, மாப்ள மாதிரி கீது" என்றான். அவன் மனைவி செல்வி அவித்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார். "அண்ணா, சாப்டுங்க. ஆனா இவருக்கு மட்டும் வண்டி குடுத்துடாதீங்க. ஸ்பீடுன்னா பைத்தியம் இவருக்கு. எங்க மாமியா சாவறப்ப எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினுதான் போச்சு, கியர் வண்டி குடுக்கக் கூடாதுன்னு."

அந்தோணி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தி வைத்தான், அந்தக் காலத்து மாதிரி. நான் சாவியைப் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தேன்.

"குறை சொல்லுடா" என்றான் ஏழுமலை, கையை நீட்டி.

"இப்ப ஒண்ணும் இல்ல. அன்னிக்கு இருந்துது. எழுபத்தஞ்சுக்கு மேல போனா ஹேண்டில் ஆடும். எனக்குத் தெரியும். உங்கிட்ட சொல்லல."

ஏழுமலை நீட்டிய கையை மடக்கவில்லை.

"எத்தினில ஆடும்?"

"எழுபத்தஞ்சு."

"முள்ளு எண்பதுல இருந்துதுடா" என்றான். "எனக்கு நல்லா ஞாபகம். எண்பது. அப்ப ஹேண்டிலு உதறிச்சி. ஆனா கண்ணு முழிச்சா எல்லாரும் நூறு நூறுன்றாங்க. சரி, நூறுதான் போல, நமக்குத்தான் அடிபட்டு மறந்துபோச்சுன்னு நானே நெனச்சிக்கினேன். எங்கம்மாகிட்ட யாரு சொன்னாங்கன்னு இன்னி வரிக்கும் தெரியாது."

"நான்தான் சொன்னேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. உட்கார்ந்தான். அப்புறம், "செல்வி, இப்டி வா. டேய், இதுகிட்ட சொல்லு. நீயே சொல்லு, முழுசா" என்றான். செல்வி பக்கத்தில்தான் நின்றிருந்தார், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் ஹாரனிலிருந்து ஆஸ்பத்திரி வரை மறுபடி முழுசாகச் சொன்னேன்.

"எங்க மாமியா இல்லியேண்ணா இப்ப" என்றார் செல்வி. "கடசி வரிக்கும் புள்ளைய திட்டிக்கினே செத்துச்சி. நானும் எவ்ளோ பேசியிருக்கேன். ஒரு கல்யாணத்துக்குக் கூட இவரத் தனியா அனுப்புனதில்ல. நீங்க சாப்டுங்க, வந்தவங்கள சாப்டாம அனுப்பமாட்டேன். ஆனா எனக்கு மனசு ஆறல."

எனக்கும் ஆறவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு செல்விதான் என் கையிலிருந்த சாவியை வாங்கி ஏழுமலையிடம் கொடுத்தார். "ஓட்டுங்க. நானும் பின்னாடி குந்திக்கினு வர்றேன். காணை வரிக்கும் போய்ட்டு வரலாம்." அந்தோணி உதைத்து ஸ்டார்ட் செய்தான். ஏழுமலை வலது காலை முன்னால் நீட்டி, கிராஷ் கார்டு மேல் வைத்துக்கொண்டான்.

எனக்கு வந்தது ஏழுமலையின் மொபெட். சாவியை என்னிடம் எறிந்துவிட்டுக் குறை சொன்னான்: "பிரேக் புடிக்கும், லைட்டு எரியும், ஹாரன் நல்லாவே கத்தும். வலது கால் வைக்கிற எடம் மட்டும் முன்னாடி தள்ளி இருக்கும். என் காலுக்குன்னு வெல்டிங் வச்சது. உனக்குத் தோதுப்படாது."

தோதுப்படவில்லை. காணை போய்த் திரும்ப பதினெட்டு கிலோமீட்டரும் வலது காலை அந்த இரும்புக் குழாய் மேல் நீட்டியே வைத்திருந்தேன். நாலாவது கிலோமீட்டரில் தொடை மரத்துப்போனது. முன்னால் டூ ஸ்ட்ரோக் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. செல்வி அவன் தோளுக்கு மேல் எட்டி மீட்டரைப் பார்ப்பதும், ஏதோ சொல்வதும், அவன் சிரிப்பதும் தெரிந்தது. என்னைப் பார்த்து அவன் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

இரண்டு மணிக்குச் சாப்பாடு, மூன்றரைக்குக் கிளம்பினோம். டூ ஸ்ட்ரோக்கை அங்கேயே விட்டுவிட்டேன். அவன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அந்தோணிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து திண்டிவனம் வந்து, அவன் கடையில் விட்டிருந்த ஆபீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு எட்டரைக்குத் தாம்பரம் சேர்ந்தேன்.

இனி போகிறவர்களுக்கு. விடியற்காலையில் கிளம்பினால் திண்டிவனம் வரை சுகமாகப் போகலாம், திரும்பும்போது ஞாயிறு மாலை செங்கல்பட்டில் பேஜாரு, ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். பைபாஸில் எண்பதைத் தாண்டாதீர்கள். புது வண்டிகளில் போவதே தெரியாது, மீட்டரைப் பாருங்கள். டீ மேல்மருவத்தூர் தாண்டிக் குடியுங்கள். வண்டி மாற்றினால் குறையைச் சொல்லுங்கள், ஹாரனையோ இண்டிகேட்டரையோ அல்ல, எதைச் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதோ அதை.

கிளம்பும்போது ஏழுமலை அருகில் வந்தான். நான் இப்படி ஊர் சுற்றி எழுதுவது அவனுக்குத் தெரியும். "இதெல்லாம் எழுதுவியா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

"எழுது. எங்கம்மாதான் படிக்க இல்ல. ஊர்ல மத்தவங்க படிக்கட்டும். எத்தினில போனேன்னு கரெக்டா எழுது."

எண்பது. ஏழுமலை அன்றைக்கு எண்பதில்தான் போனான்.