என் வீட்டுக்குப் பின்னால் இறங்கிய புகை

இந்தச் சவூதிக் கடற்கரையில் ஒரு விநோதம் உண்டு. இன்னும் கட்டாத கட்டடத்துக்கு, இன்னும் கிளம்பாத புகையைப் படம் போட்டுப் பார்க்கிறார்கள். நம் ஊரில் மனை பார்ப்போம், கொத்தனாரைப் பார்ப்போம். புகையைக் கேட்டு யார் கட்டினார்கள்? எங்கள் தொழிற்சாலையில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் பெரிய கிடங்கு ஒன்று எழும்பப் போகிறது. அதற்குச் சாரம் கட்டுவது பற்றிப் பேச ஆபீசுக்குப் போனபோதுதான், அங்கே வேலை பார்க்கும் ஒரு சவூதிப் பெண்ணின் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்தக் கரையில் நிற்கும் புகைபோக்கிகளில் பாதிக்குச் சாரம் கட்டியவன். என்னிடம் வேலை பழகியவர்கள் இன்று காண்ட்ராக்டர்கள். புகையைப் பற்றி எனக்கு ஒரு சின்னப் பெண் சொல்லித் தருவதா என்ற நினைப்போடுதான் நின்றேன்.

தென்காசியில் என் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று மாடி, எங்கள் தெருவிலேயே அதுதான் உயரம். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஆள் கிடையாது. நான் இங்கே; என் வீட்டுக்காரி ஆலங்குளத்தில் மகளோடு. கிழக்கே, ஒட்டினாற்போல, என் சிறுவயதுக் கூட்டாளி செய்யதின் ரொட்டி அடுப்பு. அவன் வாப்பா காலத்து விறகடுப்பு, குட்டையான புகைபோக்கி. வீடு கட்டி முடித்து வந்த முதல் குற்றால சீசனிலேயே, மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கியதும், என் கிழக்குச் சுவரின் வெள்ளைப் பெயிண்ட் கறுத்துவிட்டது. மருமகனை விட்டு நகராட்சியில் மனுக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். செய்யது போனில் கூப்பிட்டான்.

“ஏலே, நீ வீடு எழுப்புததுக்கு முன்ன இந்தப் பொக மேலதாம்லே போச்சு. இப்பதான் கீழ எறங்குது. எம் பொண்டாட்டி கண்ணத் தெறக்க முடியாமக் கெடந்தா. நான் யார்ட்ட மனுக் குடுத்தேன்?”

“நான் எத்தன பொகபோக்கி பாத்தவன் தெரியுமா? ரொட்டி சுடுதவன் எனக்குப் பாடம் எடுக்குதியோ?”

“நீ பெரிய ஆளுதான். அடுப்பு அணஞ்சு கெடக்கு. எம் பிள்ளையளுக்கு என்ன வழி?”

போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சவூதிப் பெண்ணின் திரையில் ஒரு புகைபோக்கி. சிவப்பு நாடா மாதிரிப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. காற்று வரும் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியை வைத்தாள். அதுதான் கிடங்கு. மேலே போன புகை வளைந்து, பெட்டிக்குப் பின்னால் தரையில் இறங்கி, சுருண்டு திரும்பி, பெட்டியின் முதுகையே தடவியது. என் கிழக்குச் சுவரும் இப்படித்தான் கறுத்தது. “ஹாதா ஷீல்,” இதை எடு, என்றேன். கிடங்கே வேண்டாம் என்று நான் வழக்காடுவதாக அவள் நினைத்துக்கொண்டாள். “யா அம்மி,” என்றாள். சித்தப்பா என்று அர்த்தம்; வயதானவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். “கம்பெனி கட்டுவதை நான் எப்படி எடுக்க?” திரையைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்தாள். புகை மேலே போனது. வைத்தாள், இறங்கியது. பிறகு புகைபோக்கியைப் பெட்டியைவிட நன்றாக உயர்த்தினாள். புகை பெட்டியைத் தாண்டிப் போய்விட்டது.

செய்யது சொன்னதும் இதைத்தான். குற்றாலத்தில் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினாலும் சாரல் சுழன்று வந்து முகத்தில் அடிக்கும். நானும் செய்யதும் அதில் நனைந்து சிரித்து வளர்ந்தவர்கள். உடம்புக்குத் தெரிந்திருந்தது. என் தலைக்கனம்தான் கேட்கவிடவில்லை. அந்தப் பெண் என்னமோ கேட்டாள். முகத்தைக் காட்ட முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே செய்யதைக் கூப்பிட்டேன். “மனுவ வாபஸ் வாங்கச் சொல்லிட்டேம்லே. நீ சொன்னதுதான் சரி.”

“மனுவ எடுத்துட்ட. வீட்ட எங்கலே எடுத்து வைப்ப?”

“பொகபோக்கிய ஒசத்திக் கட்டு. எஞ் செலவு.”

“எவ்வளவு ஒசரம்?”

“என் வீட்ட விட.”

“அப்பம் தெருவுலயே ஒசரம் என் அடுப்புல்லா?” என்றான். சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை.

போன வாரம் வீடியோ அனுப்பியிருந்தான். அடுப்பு எரிகிறது. புகை என் மொட்டைமாடியைத் தாண்டிப் போகிறது. கீழே, கறுத்த சுவரும் சாத்திய ஜன்னல்களும். பெயிண்ட் அடித்துவிடவா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்றேன். கேம்பில் என் மேல்கட்டிலில் படுத்தபடி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நான் இல்லாத ஊரில் என் பெயரைச் சொல்லி நிற்பது அது ஒன்றுதான். யாரும் மூச்சுவிடாத ஒரு வீடு, ஊர்க்காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது.